ராக்கெட் மோட்டார் வைத்த பால்சா கிளைடர்: நேராக ஏறினால் மிதக்கவில்லை, மிதந்தால் நேராக ஏறவில்லை. ஏன்?

டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் பன்னிரண்டு வயது மகளும் சேர்ந்து 45 செ.மீ. இறக்கையுள்ள ஒரு பால்சா கிளைடர் செய்தார்கள். கையால் எறிந்தபோது அருமையாக மிதந்தது. அதன் மூக்கின் மேல் ஓர் அட்டைக்குழாயை ஒட்டி, கடையில் வாங்கிய சி6-5 மோட்டாரைச் செருகி ஏவினார்கள். ஏவும் கம்பியை விட்டு எழும்பியதும் முதுகுப்பக்கமாக ஒரு பெரிய வளையம் போட்டுத் தரையில் குத்தியது. இறக்கையை ஒட்டி, மூக்கில் களிமண் சேர்த்து மறுபடி ஏவினார்கள். இந்த முறை நேராக ஏறியது, ஆனால் இறங்கும்போது மிதக்காமல் கல் மாதிரி விழுந்தது. மோட்டார் பெரிதா, வால் சிறிதா, எத்தனை கிராம் களிமண் வைத்தால் சரியாகும் என்று கேட்கிறார். மோட்டார் விலை கட்டுபடியாகவில்லை, கருமருந்தை வீட்டிலேயே கலந்து செய்யலாமா என்று கடைசியில் ஒரு வரியும் இருக்கிறது.

களிமண் எவ்வளவு என்று கேட்டாலும், நீங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் வேறு. ஏறுவதற்கும் மிதப்பதற்கும் ஒரே எடைநிலை ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. ஒத்துவராது. எத்தனை கிராம் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டில் ஒன்று கெடும். நீங்கள் இரண்டு முறை ஏவி, இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டீர்கள். பல பேர் முதல் வளையத்தோடு விட்டுவிடுவார்கள், நீங்கள் இரண்டாவது முறையும் ஏவிப் பார்த்ததால்தான் இந்தக் கேள்வியே இவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது.

நான் படித்தது வானூர்திப் பொறியியல். கடந்த பதினாறு வருடங்களாக இங்கே மேரிலாந்தில் வார இறுதிகளில் சின்ன ராக்கெட்டுகளும், அதைவிட அதிகமாக இந்த மாதிரி ராக்கெட் பலத்தில் ஏறி மிதந்து இறங்கும் பூஸ்ட் கிளைடர்களும் பறக்கவிடுகிறேன். உங்கள் மாடலை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமான விஷயம் முதலில். இறக்கையின் மேல் காற்று செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். உங்கள் கிளைடர் மிதக்கும்போது விநாடிக்கு 5 மீட்டர் அளவில் போகும். சி6 மோட்டார் தள்ளும்போது அது 30 மீட்டரைத் தொடலாம். வேகம் 6 மடங்கு என்றால் விசை 36 மடங்கு. கிளைடரை மிதக்க வைப்பதற்காக இறக்கையை வாலைவிட ஓரிரு பாகை மேல்நோக்கி ஒட்டியிருப்பீர்கள், கையால் எறியும் மாடல்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மெதுவாகப் போகும்போது அந்தச் சரிவு எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் தூக்கும். மோட்டார் எரியும்போது அதே சரிவு எடையைப் போல முப்பது மடங்குக்கு மேல் தூக்கப் பார்க்கும். அந்த விசைக்குப் போக வேறு வழி இல்லை, மாடலை வளைத்துத்தான் ஆக வேண்டும். மோட்டாரின் பலத்தைக் குறைத்தால் வளையம் மெதுவாகப் போடுமே தவிர, போடாமல் இருக்காது. வாலைப் பெரிதாக்குவதும் இந்த இடத்தில் மருந்தில்லை, ஏனென்றால் அந்தச் சரிவு அப்படியேதான் இருக்கிறது.

களிமண் வைத்ததும் ஏன் நேராக ஏறியது? எடை மையம் முன்னால் போனது. மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுகள் சமமாக நிற்கும்போது ஒரு மிளகை வைத்தாலும் ஒரு பக்கம் சாயும். ஒரு தட்டில் கிலோ படிக்கல் இருந்தால் மறு தட்டில் கைப்பிடி மிளகு போட்டாலும் அசையாது. கிளைடரிலும் அப்படித்தான். எடை மையம் பின்னால், சமநிலைக்குப் பக்கத்தில் இருந்தால், வாலின் மிகச் சின்னச் சரிவு மூக்கைத் தூக்கிப் பிடித்து இறக்கையை வேலை செய்ய வைக்கும். எடை மையம் வெகுவாக முன்னால் இருந்தால் அதே சரிவு எதுவும் செய்யாது, மாடல் அம்பு மாதிரி போகும். மேலே போகும்போது உங்களுக்கு அம்பு வேண்டும், கீழே வரும்போது மிளகுக்கும் சாயும் தராசு வேண்டும். நீங்கள் வைத்த களிமண்ணும், குழாயும், காலியான மோட்டார் கூடும் இறங்கும்போதும் மூக்கிலேயே இருந்தன. அம்பு அம்பாகவே இறங்கியது.

ஆகவே தீர்வு, உச்சியில் எடை மையம் மாற வேண்டும். இதைச் சாதிக்கப் பல வழிகளை முயன்றிருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் வந்த அமெரிக்க மாடல்களில் மோட்டார் வால்பக்கம் இருந்தது. மருந்து தீர்ந்து கூடு வெளியே தள்ளப்பட்டதும், அதுவரை அடங்கியிருந்த பின்விளிம்பு மடல்களை ரப்பர் மேலே இழுக்கும். வேலை செய்யும், ஆனால் சரிப்படுத்துவதற்குள் பொறுமை போய்விடும். அதே காலத்தில் லாரி ரெங்கர் என்பவர் மோட்டாரை மூக்குக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று பெரும்பாலும் பயன்படும் கழலும் பாட்: மோட்டார் ஒரு தனிக் குழாயில், கிளைடரின் மூக்கில் ஒரு கொக்கியில் தொங்கும். மருந்து எரிந்து சில விநாடி கழித்து, உச்சியில் மோட்டார் தரும் கடைசிச் சிறு வெடிப்பு அதைக் கழற்றிவிடும். மூக்கின் பாரம் முழுவதும் ஒரே நொடியில் போய்விடும்.

எண்களில் பார்த்தால் இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று தெரியும். கிளைடர் மட்டும் 30 கிராம் என்று வைப்போம், இறக்கையின் அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 9 செ.மீ., எடை மையம் அகலத்தின் நடுவில். பாட் 10 கிராம், சி6 மோட்டார் சுமார் 24 கிராம், ஆக 34. பாட்டின் மையம் கிளைடரின் மையத்துக்கு 15 செ.மீ. முன்னால் இருந்தால், இரண்டும் சேர்ந்தபோது எடை மையம் 8 செ.மீ. முன்னே நகரும். அதாவது இறக்கையின் முன்விளிம்பையும் தாண்டி மூன்றரை செ.மீ. முன்னால். மோட்டாரின் எடையில் பாதியளவு மருந்துதான், அது எரிந்து தீர்ந்த பிறகும் மையம் முன்விளிம்புக்கு 2 செ.மீ. அளவு முன்னாலேயே இருக்கிறது. ஏறும் நேரம் முழுக்க அம்பு. பாட் விழுந்த மறு கணம் மையம் இறக்கையின் நடுவுக்கு வந்துவிடும். களிமண்ணே தேவையில்லை, மோட்டார்தான் உங்கள் களிமண்.

இதோடு சேர்ந்தது இன்னொரு மாற்றம். இறக்கையையும் வாலையும் ஒரே கோட்டில், சரிவே இல்லாமல் ஒட்டுங்கள். மிதப்பதற்குத் தேவையான அந்தக் கொஞ்சம் மூக்குத் தூக்கலை, வாலின் பின்விளிம்பை ஒரு தாள் கனத்துக்கு மேலே வளைத்தால் பெறலாம். மூச்சுக் காற்றின் ஈரத்தைப் பால்சாவின் மேல் ஊதி, விரலால் மெல்ல வளைத்துப் பிடித்தால் நிற்கும். ஊரில் பட்டத்துக்குச் சூத்திரம் கட்டியவர்களுக்கு இந்த அளவு தெரியும். முடிச்சை அரை விரல் தள்ளினால் பட்டம் குத்தும், இழுத்தால் நிற்கும். அந்த மாதிரி நுணுக்கம்தான் இது.

பாட்டைச் செய்யும்போது கவனம் முழுவதும் கொக்கியில் இருக்க வேண்டும். மோட்டார் முன்னோக்கித் தள்ளும்போது பாட் கிளைடரை இழுத்துக்கொண்டு போக வேண்டும், மோட்டார் ஓய்ந்து கடைசி வெடிப்பில் பாட் பின்னால் உதைபட்டதும் தடையில்லாமல் வழுக்கி விழ வேண்டும். நான் ஒவ்வொரு முறை ஏவுவதற்கு முன்னும் செய்யும் சோதனை இதுதான்: மூக்கு வானத்தைப் பார்க்க, பாட்டைப் பிடித்துத் தூக்கினால் கிளைடர் அதில் தொங்க வேண்டும். அதே நிலையில் கிளைடரைப் பிடித்தால், பாட் தன் எடையிலேயே வழுக்கிக் கீழே விழ வேண்டும். விழத் தயங்கினால் உப்புத்தாளை எடுத்துக் கொக்கியின் இரண்டு பக்கமும் இரண்டு இழுப்பு, மறுபடி சோதனை. ஆடிக்கொண்டு விழுந்தால் அதுவும் கூடாது, ஏறும்போது பாட் பக்கவாட்டில் திரும்பும். காலையில் சரியாக வழுக்கிய கொக்கி, புழுக்கம் ஏறிய மதியத்தில் பால்சா ஈரம் குடித்து இறுகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்று பாட்டோடு சேர்ந்தே இறங்கிய கிளைடரின் இறக்கை வேரோடு ஒடிந்தது. ஏவும் கம்பியில் நுழையும் சிறு குழலைப் பாட்டில் ஒட்டுங்கள், கிளைடரில் வேண்டாம்.

கழன்ற பாட்டும் பாதுகாப்பாக இறங்க வேண்டும், அதனால் அதற்குள் ஒரு நாடாத்துணி இருக்கும். அது விரிந்து கிளைடரின் வாலில் சுற்றிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து சுழன்று விழும். இங்கே இதற்கு 'ரெட் பேரன்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், முதல் உலகப் போரில் எதிரி விமானங்களை வீழ்த்தி அந்தப் பட்டப்பெயர் பெற்ற ஜெர்மன் விமானி ரிக்தோஃபெனை நினைத்து. நாடாவின் கயிற்றைக் குட்டையாக வைத்தால் குறையும், முழுக்கப் போகாது.

மோட்டார் பெரிதா என்று கேட்டீர்கள். சி6-5 என்பதில் சி மொத்த உந்தத்தைக் குறிக்கும், அதாவது தள்ளும் விசையை நேரத்தால் பெருக்கியது, 5 முதல் 10 நியூட்டன்-விநாடிக்குள். 6 சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 5, மருந்து எரிந்த பிறகு பாட் கழலும் வெடிப்பு வருவதற்கான விநாடிகள். உங்கள் பிரச்சினை சி-யில் இல்லை, அந்த 5-ல் இருக்கிறது. மெலிந்த ராக்கெட் 5 விநாடி மேலே ஓடிக்கொண்டிருக்கும். இறக்கை உள்ள மாடல் காற்றில் சீக்கிரம் வேகம் இழந்து, இரண்டு விநாடியிலேயே தலையைச் சாய்த்துக் கீழே பாயத் தொடங்கிவிடும். மூன்று விநாடி கழித்து வெடிப்பு வரும்போது தரை நெருங்கியிருக்கும். முதலில் ஏ8-3, அது நன்றாகப் போனால் பி4-2, பிறகு சி6-3 என்று போங்கள். இன்னொன்று, சி6 தொடக்கத்தில் ஒரு கணம் 14 நியூட்டன் அளவுக்குத் தள்ளும். 64 கிராம் மாடலுக்கு அது தன் எடையைப் போல இருபது மடங்கு. மெல்லிய இறக்கை அந்த வேகத்தில் படபடத்துக் கிழியும். இறக்கைக்கு, மேற்பரப்பில் மீன் செதில் மாதிரி மினுக்கும் புள்ளிகள் தெரியும் பால்சாப் பலகையாகப் பார்த்து எடுங்கள். அந்த வெட்டு அகலவாக்கில் விறைப்பாக நிற்கும்.

சரி, டிரிம் செய்வது, அதாவது சீராக மிதக்கும்படி கிளைடரைச் சரிப்படுத்துவது. இதற்கு அவசரப்படாதீர்கள். காற்று அடங்கிய சாயங்காலம், முழங்கால் உயரப் புல் இருக்கும் இடம், பாட் இல்லாத கிளைடர். தோள் உயரத்திலிருந்து, மூக்கைச் சற்றே தாழ்த்தி, அது தானாகப் போகும் வேகத்தில் விடுங்கள். எறிய வேண்டாம், வழியனுப்புங்கள். மூக்கைத் தூக்கி, ஒரு கணம் நின்று, குப்பென்று தாழ்ந்து மறுபடி தூக்கினால் அதுதான் ஸ்டால், மூக்கில் பட்டாணி அளவு களிமண் வையுங்கள். நேராகக் கீழே போனால் அதை எடுங்கள் அல்லது வாலில் வையுங்கள். பத்து பதினைந்து முறை விட்ட பிறகு ஒரு தடவை அது புல்லின் மேல் ஒரே உயரத்தில் நீண்டுகொண்டே போகும். உங்கள் மகளின் முகத்தை அப்போது பாருங்கள்.

அப்புறம் அது நேராகவே மிதந்து மைதானத்தை விட்டுப் போகாமல் இருக்க, வட்டமடிக்க வைக்க வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு, சுக்கானை ஒரு பக்கம் வளைப்பது. மிதக்கும்போது மெல்லத் திருப்பும் அந்த வளைவு, ஏறும்போது 36 மடங்கு பலத்தோடு திருப்பி மாடலைத் திருகுப் பாதையில் கொண்டுபோகும். அதற்குப் பதில், எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்த இறக்கை நுனியில் ஒரு துளி களிமண் வையுங்கள். எடை வேகத்தைப் பார்ப்பதில்லை, 5 மீட்டரிலும் 30 மீட்டரிலும் அது அதே அரை கிராம்தான். பூஸ்ட் கிளைடரில் நான் எந்தச் சந்தேகம் வந்தாலும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்: எதையெல்லாம் எடையால் சரிசெய்ய முடியுமோ அதை வளைப்பால் செய்யாதே.

இனி ஊகம். உங்கள் முதல் வளையத்துக்கு இறக்கைச் சரிவு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு, ஆனால் அது மட்டும்தானா என்று சொல்ல முடியாது. கம்பியை விட்ட உடனே வளைந்திருந்தால், சரிவோடு இறக்கையில் முறுக்கமும் இருக்கலாம். பின்னாலிருந்து கண்ணை இடுக்கிப் பாருங்கள், இடது வலது பின்விளிம்புகள் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். கொஞ்ச தூரம் நேராகப் போய் அப்புறம் வளைந்திருந்தால், மருந்து தீரத் தீர எடை மையம் பின்னால் வந்ததும் வேகம் உச்சத்துக்குப் போனதும் சேர்ந்திருக்கும். வீடியோ இருந்தால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது என்பதே பாதி பதில். இரண்டாவது முறை ஏவும்போது ஒட்டிய இறக்கை நேராக இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. எடைக்கணக்கில் நான் சொன்ன எண்களும் தொடக்கப் புள்ளிதான். உங்கள் மாடலை எடைபோட்டு, விரல் நுனியில் நிறுத்திப் பார்த்து நீங்களே கணக்கிடுங்கள். ஏழாம் வகுப்பு நெம்புகோல் கணக்குதான், உங்கள் மகளே செய்வாள்.

இந்தச் சிக்கல் சின்ன மாடல்களுக்கு மட்டும் உள்ளதில்லை. 1928 ஜூன் 11 அன்று ஜெர்மனியின் வாஸர்குப்பே மலையில் ஃபிரிட்ஸ் ஷ்டாமர், விமான வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் லிப்பிஷ் வடிவமைத்த 'என்டே' கிளைடரில் கருமருந்து ராக்கெட்டுகளை வைத்துப் பறந்தார். ராக்கெட் பலத்தில் மனிதர் பறந்த முதல் விமானம் அதுதான். மருந்து எரிய எரிய நகரும் எடை மையத்தைச் சரிக்கட்ட, விமானியின் காலடிக்குக் கீழே தானாக நகரும் ஓர் எதிரெடை வைத்திருந்தார்கள். இரண்டாவது முறை ஒரு ராக்கெட் வெடித்து இறக்கைகள் தீப்பிடித்தன, ஷ்டாமர் எப்படியோ பத்திரமாக இறக்கினார். நம் பக்கத்தில், 2016 மே 23-ல் இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய, மறுபடி பயன்படுத்தும் ஏவுகலத்துக்கான சோதனைக் கலமான ஆர்எல்வி-டிடி-யும் வடிவத்தில் ஒரு பூஸ்ட் கிளைடர்தான். திட எரிபொருள் பூஸ்டர் மேலே கொண்டுபோய்ப் பிரிந்தது, இறக்கை வைத்த கலம் 65 கி.மீ. வரை ஏறிவிட்டு வங்கக் கடலை நோக்கி இறங்கியது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். கருமருந்தை வீட்டில் கலக்காதீர்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இந்தப் பொழுதுபோக்கே அதற்கு மாற்றாகத்தான் பிறந்தது. 1954-ல் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் அட்டைக்கூடு மோட்டார்களைச் செய்தார். நியூ மெக்சிகோவின் 'ஒயிட் சாண்ட்ஸ்' ஏவுகணைச் சோதனைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், வீட்டில் மருந்து கலந்து காயப்படும் சிறுவர்களைப் பற்றி 1957 பிப்ரவரியில் ஒரு பத்திரிகையில் எழுத, அதைப் படித்த கார்லைல் அவருக்குத் தன் மோட்டார்களை அனுப்பிவைத்தார். கடையில் வாங்கும் மோட்டாரில் மருந்து ஒரே சீராக, இயந்திரத்தால் அழுத்தப்பட்டது. கையால் அடைத்தால் உள்ளே ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் தீ அதற்குள் புகுந்து எரியும் பரப்பு ஒரே கணத்தில் பெருகும், அப்போது அது மோட்டார் இல்லை, குண்டு. கலக்கும்போதே உராய்வில், நிலைமின்சாரத்தில் பற்றிக்கொள்ளும். சிவகாசியில் அனுபவப்பட்ட கைகளே கருகுவதை நாம் ஒவ்வொரு வருடமும் படிக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும்: உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். பட்டாசைப் பிரித்து மருந்தெடுப்பதும் அதே ஆபத்துதான். ரப்பர் கவணால் ஏவும் கிளைடரில் மேலே சொன்ன பாடங்களில் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்ளலாம், அதுவும் வேகமாக ஏறி மெதுவாக மிதக்க வேண்டிய மாடல்தான். செலவைக் குறைக்க உங்களுக்கும் அதையே சொல்வேன்: கவணில் இருபது முறை, மோட்டாரில் ஒரு முறை.

ஏவும்போது மின்சாரப் பற்றவைப்பு மட்டும், ஐந்து மீட்டர் தள்ளி நின்று. டெக்சஸ் கோடையில் புல் காய்ந்திருக்கும், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். இறக்கையின் அடியில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். நன்றாக டிரிம் ஆன கிளைடர் ஒருநாள் கார் நிறுத்துமிடத்தின் சூட்டில் எழும் காற்றில் மாட்டி, சுற்றிச் சுற்றி மேலேயே போய்க்கொண்டிருக்கும். என்னுடைய ஒன்று அப்படிப் போய், நாலு நாள் கழித்து மூன்று தெரு தள்ளியிருந்த ஒரு பாட்டி போன் செய்து, ரோஜாச் செடியில் சிக்கியிருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்றார்.